மலையடி அணையில் தண்ணீரை இறக்கும்போது கரையையும் மீனையும் காப்பது எப்படி

மதகு ஷட்டரின் ரப்பர் சீல் போய்விட்டது, உட்சரிவுக் கல்பாவல் சரிந்துவிட்டது, கசிவு கூடியிருக்கிறது. காரணம் எதுவானாலும் ஒருநாள் அணையில் தண்ணீரை இறக்கித்தான் ஆகவேண்டும். பஞ்சப்பள்ளி சின்னாறு, வாணியாறு, வள்ளிமதுரை வரட்டாறு போன்று மலையை ஒட்டி நிற்கும் அணைகளில் அந்தப் பேச்சு எழுந்ததும் இரண்டு குரல் கேட்கும். பிரிவு அலுவலகத்தில் "சீக்கிரம் இறக்கிட்டா வேலையை முடிச்சிடலாம்" என்பார்கள். மீன்பாசி குத்தகை எடுத்தவர் "போட்ட குஞ்செல்லாம் போயிடும், ஒரு அடிகூட இறக்காதீங்க" என்பார்.

இருவரும் கவனிக்க மறப்பது ஒன்று உண்டு. அவசரமாக இறக்கினால் மீனுக்கு முன்பே மண்கரைக்குத்தான் ஆபத்து. வருடத்தில் பெரும்பகுதி நாட்கள் கரைக்கு எது நல்லதோ அதுவே மீனுக்கும் நல்லது. இரண்டும் மோதிக்கொள்வது மழைக்காலத்தில் மட்டும்தான். அப்போது கரைதான் முதலில், அதில் பேரம் கிடையாது.

நாளுக்கு அரை அடி

மண்கரையின் உட்சரிவு மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறிக் கிடக்கும். வெளியே நிற்கும் தண்ணீர்தான் அந்தச் சரிவைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. மடமடவென்று இறக்கினால் தாங்கல் போய்விடும், ஆனால் கரைக்குள் ஊறிய நீர் அதே வேகத்தில் வடியாது. களிமண் கரையென்றால் வாரக்கணக்கில் உள்ளேயே நிற்கும். உள்ளே அழுத்தம் இருக்க, வெளியே தாங்க ஒன்றுமில்லாமல் போனால், சரிவு ஒரே துண்டாக வழுக்கி இறங்கும். அணை நிரம்பியிருக்கும்போது அசையாமல் நின்ற கரை காலியாகும்போது சரிவது இதனால்தான்.

எனவே நாளுக்கு அரை அடி என்பதைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடியைத் தாண்டவேண்டும் என்றால், அணைக்குப் பொறுப்பான பொறியாளர் கரை மண்ணின் தன்மையைப் பார்த்து எழுத்தில் அனுமதி தரவேண்டும். வாய்மொழி உத்தரவில் ஷட்டரைத் தூக்க வேண்டாம்.

அரை அடி இறங்க எவ்வளவு திறப்பது? இதற்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. நீர்ப்பரப்பை ஏக்கரில் எடுத்து, நாளுக்கு இறக்கவேண்டிய அடியால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் விநாடிக்கு எத்தனை கன அடி என்று வந்துவிடும். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, விநாடிக்கு ஒரு கன அடி ஓடினால் ஒரு நாளில் 86,400 கன அடி, அதனால்தான் அந்த இரண்டு. நீர்ப்பரப்பு 100 ஏக்கர் என்றால் அரை அடிக்கு 25 கன அடி. ஓடையிலிருந்து 5 கன அடி வரத்து இருந்தால் 30 திறக்கவேண்டும்.

பெரும்பாலான தவறு இதற்குப் பிறகுதான் நடக்கிறது. தண்ணீர் இறங்க இறங்கப் பரப்பு சுருங்கும். 100 ஏக்கர் 40 ஏக்கராகச் சுருங்கிய பிறகும் 25 கன அடியே போய்க்கொண்டிருந்தால் நாளுக்கு ஒன்றேகால் அடி இறங்கும். மட்டம் குறைவதால் மதகில் வெளியேற்றமும் கொஞ்சம் குறையும்தான், ஆனால் பரப்பு சுருங்கும் வேகத்துக்கு அது ஈடாகாது. முதல் வாரம் ஒழுங்காக இறங்கியது என்று ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு, கடைசி வாரத்தில் கரையும் சரிந்து மீனும் சேற்றில் மாட்டுவது இப்படித்தான். மூன்று நாளுக்கு ஒருமுறை பரப்பைப் புதிதாகக் கணக்கிட்டு ஷட்டரைக் குறையுங்கள். அணையின் நீர்மட்ட அளவுகோலைக் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் படித்து ஒரே நோட்டில் எழுதுங்கள்.

மீனுக்கு விடவேண்டிய மடு

அணையின் கொள்ளளவு அட்டவணையை நம்பி இறங்காதீர்கள். அது பெரும்பாலும் கட்டிய காலத்தில் போட்டது. மலையிலிருந்து வரும் ஓடைகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அதில் இருக்காது. அட்டவணையில் 10 அடி ஆழம் என்றிருக்கும் இடத்தில் 4 அடி தண்ணீரும் 6 அடி சேறும் இருக்கலாம்.

இறக்கத் தொடங்குவதற்கு முன் பரிசலில் போய் ஆழம் பாருங்கள். ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு துணிமுடிச்சு, நுனியில் ஒரு கிலோ எடை. எடை கூர்மையாக இருக்கக்கூடாது. கூர்மையானது சேற்றுக்குள் இறங்கி ஆழத்தைக் கூட்டிக் காட்டும், அதனால் தட்டையான இரும்புத்தகடு நல்லது. பழைய ஆற்றுப்பாதையை ஒட்டிக் குறுக்கும் நெடுக்குமாக 20 அடிக்கு ஒரு இடம் பார்த்தால் மடு, அதாவது கடைசிவரை தண்ணீர் நிற்கும் ஆழமான பள்ளம், எங்கே என்று தெரிந்துவிடும்.

வேலை நடக்கும் நாட்கள் முழுவதும் மடுவில் 8 அடி ஆழம் நிற்கவேண்டும். 6 அடிக்குக் கீழே போனால் கோடை வெயிலில் அடிவரை சூடாகிவிடும். 30 டிகிரித் தண்ணீர் ஆக்சிஜனால் முழுக்க நிறைந்திருந்தாலும் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுதான் பிடித்துவைக்கும், அதற்குமேல் பிடிக்காது.

சிக்கல் என்னவென்றால், ஆழமான மடு பெரும்பாலும் மதகின் வாயிலேயே இருக்கும், வேலையும் அங்கேதான். முழுக்க வடிப்பதற்குப் பதிலாக, மதகு வாயைச் சுற்றி மணல்மூட்டையால் ஒரு ரிங் பண்ட் (வளையமான தடுப்புக்கரை) போட்டு உள்ளே இருப்பதை மட்டும் மோட்டாரால் இறையுங்கள். மூட்டையை முக்கால் பாகம் மட்டும் நிரப்புங்கள், நிறைத்துக் கட்டினால் இடைவெளி விழும். செங்கல் வரிசை மாதிரி இணைப்பு மாறி மாறி வரும்படி அடுக்கி, நடுவில் தார்ப்பாய், தண்ணீர்ப் பக்கம் களிமண் என்று வையுங்கள். அடி அகலம் உயரத்தைப்போல் இரண்டு பங்காவது இருக்கவேண்டும். வெளியே நிற்கும் தண்ணீருக்கு மேல் ஒன்றரை அடி கூடுதல் உயரம் வையுங்கள், கோடைமழை ஒன்று அடித்தால் அது கைகொடுக்கும்.

எந்த மாதம்

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் மாசி, பங்குனிதான் சரியான காலம். தை வரை பாசனத்துக்குத் திறந்த தண்ணீரோடு மட்டமும் தானாக இறங்கியிருக்கும், வெயில் இன்னும் முற்றியிருக்காது. சித்திரையில் ஒப்பந்தம் முடிவாகி வைகாசியில் வேலை தொடங்கினால் மீனுக்கும் கெடுதல், கோடைமழையில் வேலைக்கும் கெடுதல். ஆடிக்குப் பிறகு இறக்கும் வேலையே கூடாது. முதல் வெள்ளத்தில் மீன் ஓடைவாய்க்கு ஏறிவரும், ஓரத்தில் புதிதாக முழுகிய புல்லில் நாட்டுக் கெண்டை வகைகள் முட்டை விடும். அந்த நேரத்தில் இரண்டடி இறக்கினால் முட்டை அத்தனையும் வெயிலில் காய்ந்துபோகும்.

பஞ்சப்பள்ளிப் பக்கம் என்றால் வனத்துறைக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யானை வரும் காடு அது. தண்ணீர் வற்றிய ஓரத்துச் சேற்றில் குட்டி மாட்டிக்கொண்டால் மதகு வேலையும் அங்கேயே நிற்கும்.

இறக்கும்போது கரையில் பார்க்கவேண்டியது

தினமும் காலையில் ஒருவர் கரையின் மேல்தளத்திலும், இன்னொருவர் வெளிச்சரிவின் அடியிலும் முழுநீளம் நடக்கவேண்டும். பைக்கில் போனால் விரிசல் தெரியாது.

வெயிலில் காய்ந்த விரிசல் வலைப்பின்னல் மாதிரி நாலாபக்கமும் போகும், ஆழம் இருக்காது. பயப்படவேண்டியது கரையின் நீளவாக்கில் ஒரே கோடாக ஓடி, இரு நுனியும் தண்ணீர்ப் பக்கம் வளையும் விரிசலுக்குத்தான். அதன் இரு பக்கமும் ஒரு முளை அடித்து, இடைவெளியை ஸ்டீல் டேப்பால் அளந்து எழுதுங்கள். உள்பக்கத்து முளை தாழ்கிறதா என்றும் பாருங்கள். ஒரு நாளில் இடைவெளி கூடினால் ஷட்டரை மூடிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். விரிசலில் சுண்ணாம்புநீர் கொஞ்சம் ஊற்றிவைத்தால், பிறகு தோண்டும்போது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று வெள்ளைக்கோடு காட்டிக்கொடுக்கும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காதபடி தார்ப்பாய் போட்டு மூடுங்கள். சிமென்ட் கலவை ஊற்றி அடைப்பது வேண்டாம், சரிவு அசைந்தால் அது மறைத்துவிடும்.

கசிவை அளக்க வெளிச்சரிவின் அடியில் 90 டிகிரி வி நாட்ச் தகடு (V வடிவில் வெட்டிய தகடு) ஒன்று போதும். நாட்சின் அடிமுனைக்கு மேல் தண்ணீர் 5 செ.மீ. நின்றால் விநாடிக்கு முக்கால் லிட்டர், 7 செ.மீ. என்றால் ஒன்றேமுக்கால் லிட்டர், 10 செ.மீ. என்றால் ஏறக்குறைய நாலரை லிட்டர். உயரம் இரண்டு மடங்கானால் கசிவு ஐந்தரை மடங்குக்கு மேல் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். அளவுகோலைத் தகட்டிலேயே ஒட்டவேண்டாம். தகட்டுக்குத் தண்ணீர் வரும் பக்கத்தில், அது வளைந்து விழத்தொடங்கும் இடத்திலிருந்து தள்ளி நட்டு, பூஜ்யத்தை நாட்ச் முனையின் மட்டத்துக்குச் சரிசெய்யுங்கள்.

அணையில் மட்டம் இறங்கினால் கசிவும் குறையவேண்டும். குறையவில்லை என்றாலோ, கலங்கி வந்தாலோ கரைக்குள் மண் அரிக்கிறது என்று அர்த்தம். கலங்கலைக் கண்ணால் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலில் பிடித்து ஒரு மணிநேரம் அசையாமல் வைத்து, அடியில் விரல் கனத்துக்கு வேண்டாம், ஒரு மெல்லிய படலம் தங்கினாலே போதும், உடனே தகவல் போகவேண்டும். தேதி எழுதிய பாட்டில்களை வரிசையாக வைத்திருந்தால் எந்த நாளிலிருந்து மாறியது என்பதில் சண்டை வராது.

கசியும் இடம் கொப்பளித்து மணலைத் தள்ளுகிறதா? அதைக் களிமண்ணால் அடைத்தால் பக்கத்தில் வேறிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். முதலில் ஆற்றுமணல், அதன்மேல் பொடிஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி என்று போடுங்கள். தண்ணீர் போகும், மண் போகாது. சுற்றி மணல்மூட்டை வளையம் கட்டி உள்ளே தண்ணீர் கொஞ்சம் நிற்கவிட்டால் வேகம் தணியும். இந்த நிலையில் எவ்வளவு வேகமாக இறக்குவது என்பதைப் பொறியாளர் முடிவு செய்வார். மீன் போகிறதே என்று யாரும் குறுக்கே நிற்கக்கூடாது. கீழே ஆற்றோரம் இருக்கும் ஊர்களுக்கும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077க்கும் அதே நேரத்தில் சொல்லிவிடவேண்டும்.

2017 நவம்பரில் 52 அடி மட்டமுள்ள கிருஷ்ணகிரி அணையில் முதல் ஷட்டர் உடைந்து தண்ணீர் வெளியேறியது. அப்படி உடைந்தபின் இறங்கும் வேகம் நம் கையில் இல்லை. மாசியில் திட்டமிட்டு இறக்கும்போது மட்டும்தான் அது நம் கையில் இருக்கிறது. அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 மழைக்கு முன்பும் பின்பும் ஆய்வு செய்யச் சொல்வதன் பலனும் இதுதான். சீல், கம்பிவடம், கியர், துரு என்று மழைக்குப் பிந்தைய ஆய்வில் பிடித்தால் வேலையை மாசியில் வைத்துக்கொள்ளலாம்.

விடியற்காலை ஆக்சிஜன்

மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் விடியற்காலையில். ராத்திரி முழுக்கப் பாசியும் மீனும் சேறும் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும், உற்பத்தி செய்ய வெயில் இல்லை. பகல் 11 மணிக்கு மீட்டர் வைத்து "நல்லாத்தான் இருக்கு" என்று எழுதும் அளவுக்கு மதிப்பே இல்லை. சூரியன் எழும்முன், மடுவின் மேற்பரப்பில் ஒன்று, அடியிலிருந்து இரண்டடி மேலே ஒன்று என்று இரண்டு அளவு எடுங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கெண்டை வகைகளுக்குக் கவலையில்லை. 3க்கு வந்தால் அன்றைய இறக்கத்தை நிறுத்துங்கள். 2க்குக் கீழே போனால் சாவு தொடங்கும். ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளியில் மதகைத் திறந்தால் நுரை பொங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கழிவு கலந்துவரும் அணையில் இந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும்.

மீட்டர் இல்லையென்றால் மீனே சொல்லும். கட்லா கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், சத்தம் போட்டாலும் உள்ளே போகாது. ஜிலேபி கடைசியில்தான் மேலே வரும், அது வந்துவிட்டால் நேரம் இல்லை.

அப்போது 5 குதிரைத்திறன் மோட்டார் இரண்டை வைத்து மேல்மட்டத் தண்ணீரை எடுத்து, குழாய் நுனியில் துளைத் தகடு மாட்டி, ஆள் உயரத்திலிருந்து மடுவிலேயே மழைபோல் விழவிடுங்கள். உறிஞ்சுகுழாய் சேற்றைத் தொட்டால் இருக்கிற ஆக்சிஜனும் போய்விடும். சுண்ணாம்பு கொட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது, நெருக்கடியான மடுவில் அது வேண்டாம். காரத்தன்மை ஏறினால் தண்ணீரில் இருக்கும் அம்மோனியா இன்னும் கொடிய விஷமாக மாறும்.

நல்ல மருந்து முன்பே கூட்டத்தைக் குறைப்பதுதான். காற்றூட்டம் இல்லாத தண்ணீரில் ஏக்கருக்கு அரை டன் மீனுக்கு மேல் கோடையில் விடவேண்டாம். மடு 2 ஏக்கர் என்றால் 1 டன். மீதியை இறக்கத் தொடங்கும் முன்பே செவுள் வலையில் பிடித்து விற்றுவிடலாம், விலையும் நன்றாக இருக்கும். மடு சுருங்கிய பிறகு இழுவலை போட்டால் சேறு கலங்கி, பிடிபடாத மீனும் சாகும். உயிரோடு வேறு ஏரிக்கு மாற்றுவதாக இருந்தால் காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். காற்றுப்பம்பு வைத்த 1000 லிட்டர் தொட்டியில் 50 கிலோ போதும். விடும் இடத்துத் தண்ணீரைத் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கால்மணி கழித்து விடுங்கள்.

வளர்க்கத் தடையுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியோ, முதுகெல்லாம் ஓடு போர்த்திய டேங்க் கிளீனர் மீனோ வலையில் வந்தால் திரும்ப விடாதீர்கள், வேறு ஏரிக்கும் அனுப்பாதீர்கள். டேங்க் கிளீனர் முட்டையிட மண்கரையில் கைநீளத்துக்கும் மேல் வளை தோண்டும். மீனுக்கும் எதிரி, கரைக்கும் எதிரி. குழிதோண்டிப் புதைப்பதே சரி.

மதகும் கலிங்கும்

அடிமதகை நாள்கணக்காக மூடிவைத்துவிட்டுத் திறந்தால் முதலில் வருவது அழுகிய முட்டை நாற்றமுள்ள கறுப்புத் தண்ணீர். அதைக் கீழ் ஆற்றில் ஒரேயடியாக விட்டால் அங்குள்ள மீன் போய்விடும். அரை அங்குலம் திறந்து, தெளியும்வரை விட்டு, பிறகு கூட்டுங்கள். அந்த வாயு மதகுக் கிணற்றிலும் தங்கும். மேலே ஆள் இல்லாமல், இடுப்பில் கயிறு இல்லாமல் லஸ்கர் (மதகை இயக்கும் ஊழியர்) யாரும் உள்ளே இறங்கக்கூடாது. மூடும்போதும் ஒரே திருப்பாக மூடாமல் மூன்று தவணையாக, தவணைக்கு இரண்டு மணிநேரம் விட்டு மூடினால் கீழ் ஆற்றில் ஓடிய மீன்கள் குட்டைக்குத் திரும்ப நேரம் கிடைக்கும்.

மீன் வெளியே போகாமல், உபரிநீர் வழிந்தோடும் கலிங்கில் வலை கட்டுவதும், மேலே மணல்மூட்டை அடுக்குவதும் இந்தப் பக்கம் அடிக்கடி நடக்கிறது. இதில்தான் மீனும் கரையும் நேருக்கு நேர் மோதுகின்றன. கலிங்குக்கு மேல் 3 அடி தண்ணீர் ஓடலாம் என்று வடிவமைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒரு அடி மூட்டை அடுக்கினால் ஓட 2 அடிதான் மிச்சம். வெளியேறும் நீர் மூன்றில் இரண்டாகக் குறையும் என்று தோன்றும், உண்மையில் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடும், 54 சதவீதம். ஆகாயத்தாமரையும் சருகும் அடைத்த வலையும் அதே வேலையைத்தான் செய்யும். மிச்சத் தண்ணீர் மண்கரை மேல் ஏறும், மண்கரை மேல் தண்ணீர் வழிந்தால் சில மணிநேரத்தில் அணை போய்விடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது. அப்படிப் பெய்யும் ராத்திரியில் போய் யாரும் வலையை அவிழ்க்கமுடியாது.

எனவே ஐப்பசி, கார்த்திகையில் கலிங்கில் ஒன்றும் கட்டக்கூடாது. அந்த நஷ்டத்தை நாட்காட்டியால் ஈடுகட்டலாம். குஞ்சு விடுவதை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மறுகால் (கலிங்கில் வழியும் நீர்) நின்றபின் தையில் வைத்துக்கொள்ளுங்கள், இறக்கும் வருடத்தில் மட்டும் அதைத் தள்ளிப்போடுங்கள். 10 செ.மீ. வளர்ந்த விரலளவுக் குஞ்சாக இருக்கட்டும், நுண்குஞ்சு விலை குறைவுதான், ஆனால் கெளுத்திக்கும் விராலுக்கும் தீனியாகப் போய்விடும்.

மரம் கரையில் வேண்டாம், தண்ணீருக்குள் வேண்டும்

கரையில் முளைத்த சீமைக் கருவேலத்தை வெட்டக்கூடாது, நிழல் மீனுக்கு நல்லது என்று சிலர் சொல்வார்கள். கரையில் மரம் நின்றால் வேர் வழியாகக் கசிவுப்பாதை வரும், காய்ந்த வேர் மக்கினால் அது குழாயாகிவிடும், புதருக்குள் எலிவளை கண்ணுக்குத் தெரியாது. கணுக்கால் கனத்துக்கு வரும் முன்பே வேரோடு எடுத்து, குழியை அதே மண்ணால் அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளித்து இடித்து நிரப்புங்கள். பெரிய மரமாகிவிட்டால் பொறியாளர் சொல்லாமல் வேரைத் தொடவேண்டாம்.

வெட்டிய அதே முள்கிளைகள் மீனுக்கு வீடாகும். அணை வற்றியிருக்கும் நாட்கள்தான் அதற்குச் சரியான நேரம். நிரம்பினால் 5 முதல் 10 அடி ஆழம் நிற்கப்போகும் மேல்பகுதியில், 6 அடிக் கட்டுகளாகக் கட்டி, மூங்கில் முளையில் இரண்டு இடத்தில் கம்பியால் இறுக்கி, ஒவ்வொன்றிலும் 20 கிலோ கல் தொங்கவிடுங்கள். நைலான் கயிறு கூடாது, அறுந்தால் ஷட்டரில் சுற்றிக்கொள்ளும். மதகுக்கும் கலிங்குக்கும் 100 மீட்டருக்குள் எதையும் வைக்கவேண்டாம். வெள்ளத்தில் பிய்ந்த ஒரு கட்டு மதகு வாயில் மாட்டினால் ஷட்டர் இறங்காது.

திரும்ப நிரம்பும்போது

பழுது பார்த்தபின் முதல் நிரப்பு மிக முக்கியம். மலை ஓடையில் வெள்ளம் வந்தால் ஒரே ராத்திரியில் பல அடி ஏறிவிடும், அதனால் முதல் மழைக்கு மதகைப் பாதி திறந்தே வையுங்கள். பாதி மட்டத்தில் ஒரு வாரம், முக்கால் மட்டத்தில் ஒரு வாரம் நிறுத்தி, வி நாட்சையும் பாட்டிலையும் பார்த்தபின் மேலே விடுங்கள். பழைய நோட்டில் அதே மட்டத்துக்கு எழுதிய கசிவோடு ஒப்பிட்டு, அதைவிடக் கூடியிருந்தால் அந்த வருடம் முழு மட்டத்துக்கு ஏற்றாமல் இரண்டடி குறைத்தே வைக்கவேண்டும். மீன்பாசி குத்தகைதாரரிடம் இதைக் குஞ்சு வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.